பழைய பெட்டியில் புதுக் கடிதம்

தையல் பெட்டி விற்கும் அந்தக் கடைக்காரிக்குத் தெரு வைத்த பெயர் போலீஸ் அக்கா. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாள். சந்தேகம் அவள் கூடவே பிறந்தது. ஆனால் அவள் வாயில் பொய் வந்ததாக எவரும் சொன்னதில்லை. சுற்றுலா வந்தவர்கள், சிப்பி பதித்த மர மூடியைத் தடவிக்கொண்டே "நிஜமாவே பழசா?" என்று கேட்டால், "என் பொண்ணுமேல சத்தியம், நூறு வருஷத்துச் சாமான்" என்பாள். வந்தவர்கள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிப் போவார்கள்.

பெட்டிகளைத் தேடிப் பிடித்து வருவது அவள் கணவர். அதற்காக வியாழன்தோறும் கிளம்பிவிடுவார். ஒருநாள் துவைக்க எடுத்த சட்டைப்பையில் பாதி எழுதிய கடிதம் அகப்பட்டது. "கண்ணே, நீ பூப்போட்டுத் தந்த கைக்குட்டை என் நெஞ்சோடு இருக்கிறது..." எழுத்து அவருடையதேதான். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவளை ஒருநாளும் கண்ணே என்றதில்லை அந்த மனுஷன். கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்று முதல் சட்டைகளை மோந்து பார்த்தாள். வியாழக்கிழமைச் சட்டையில் மட்டும் டீ வாசனை வந்தது. எவளோ டீக்கடைக்காரிதான் என்று முடிவு கட்டினாள்.

அடுத்த வியாழன், கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள். ஊர்க்கோடியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அவர் நுழைந்தார். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே பெண் யாரும் இல்லை. தச்சர் ஒருவர் புத்தம்புதுப் பெட்டிகளுக்கு, பழசாகத் தெரிவதற்காக டீத்தண்ணீர் பூசிக்கொண்டிருந்தார். கணவர் பழுப்பேறிய தாளில் காதல் கடிதம் எழுதி, பெட்டியின் நூல்கண்டுத் தட்டுக்கு அடியில் செருகினார்.

போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு. பிறகுதான், இத்தனை வருஷமாகத் தான் செய்த சத்தியங்கள் ஒவ்வொன்றாக உறைத்தன.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் பதறி எழுந்தார்.

"யாருக்கு இந்தக் கடிதாசி?"

"யாருக்கும் இல்லம்மா. வாங்குறவங்க படிச்சா உருகிப்போவாங்கன்னு சும்மா... பொம்பளை விஷயம்னு நெனச்சியா? உன்னை விட்டா எனக்கு யாரு?" என்று குழைந்தார்.

"அப்படி ஒருத்தி இருந்திருந்தா என்னை மட்டும்தான் ஏமாத்தியிருப்பீங்க. இப்ப என் வாயாலயே, அதுவும் பெத்த பொண்ணு தலைமேல பொய்ச் சத்தியம்..."

குறுக்கே நின்றவரைப் பிடித்துத் தள்ளினாள்.

"வழிய விடுங்க. நான் இப்பவே பள்ளிக்கூடம் போய் என் பொண்ணைக் கண்ணால பார்க்கணும்."