செல்வி விதை மல்லாட்டை தின்னவில்லை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஒரு மாணவியின் உயிர் ஊசலாடிய நேரத்தில் என் பெயரைக் காப்பாற்றப் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனின் ஜெபத்துக்கும் பதில் வந்தது. வயதாகிவிட்டது, இனியும் மறைக்கக் கூடாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. விழுப்புரத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். திண்டிவனத்தில் ஓர் ஆய்வுக்கூடம் என் மாணவர்கள் சிலரைத் தங்கள் ஆய்வில் சேர்த்துக்கொண்டது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் ரகங்களில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அளக்கும் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யார் கொடுப்பார்கள் அந்த வாய்ப்பை? எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

கெடார் கிராமத்து விவசாயி ஏழுமலையின் மகள் செல்வி, பத்தாம் வகுப்பு மாணவி. பெண்ணைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அப்பாவும் கூடவே பஸ்ஸில் வந்து, வெளியே மர நிழலில் காத்திருப்பார்.

அன்று மற்றவர்கள் வயலில் இருந்தார்கள். எண்ணெயைப் பிரித்தெடுக்கும் பெட்ரோல் போன்ற திரவத்தைச் செல்வி அளந்துகொண்டிருந்தாள். ரப்பர் குமிழால்தான் அதைக் கண்ணாடிக் குழாயில் ஏற்ற வேண்டும் என்பது அங்கே விதி. குமிழ் சரியாக இழுக்கவில்லை. எனக்கோ பஸ்ஸுக்கு அவசரம்.

“வாயாலயே இழு. நாங்கல்லாம் காலேஜ்ல அப்படித்தான் பண்ணோம்.”

“பயமா இருக்குது சார்.”

“விஞ்ஞானி ஆவப்போறவளுக்குப் பயமா? ஜல்தியா முடிம்மா.”

இழுத்தாள். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. இருமி இருமிச் சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், “என்ன சாப்ட்டா?” என் உடையிலும் அந்தத் திரவத்தின் வாடை அடித்ததால், செல்வியிடம் அடித்த வாடையில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஆய்வுக்கூடம் தந்த அனுமதி போகும். வேலையும் போகலாம்.

“பூச்சி மருந்து கலந்த விதை மல்லாட்டைய எடுத்துத் தின்னுட்டா டாக்டர்” என்றேன்.

பேச முடியாத செல்வி கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். “வூட்ல மூட்ட மூட்டயா கெடக்குதே, இங்க வந்து திருடித் தின்னியாடி? மன்னிச்சிக்கங்க சார். எங்களால உங்களுக்குப் பேஜாரு.”

வயிற்றைக் கழுவ வேண்டும், குழாயை எடுத்து வாருங்கள் என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. “ஆண்டவரே, பிள்ளையைப் பிழைக்க வையும், விஷயம் வெளியே வராமலும் பார்த்துக்கொள்ளும்” என்று ஜெபித்தேன். பிற்பாதி உறுத்தியது. மறுபடி ஜெபித்தேன். தவிப்புதான் கூடியது. கடைசியில் அந்தப் பிற்பாதியை விட்டேன். “பிள்ளை பிழைக்கட்டும். என்னை எப்படியும் செய்யும்.”

கால்கள் உள்ளே நடந்தன. அந்தத் துணிச்சல் என்னுடையது என்று சொல்லமாட்டேன், நான் கோழை. “டாக்டர், நான் சொன்னது பொய்” என்று நடந்ததைச் சொன்னேன்.

குழாயைப் பிடித்த டாக்டரின் கை நின்றது. “நல்ல நேரத்துல சொன்னீங்க வாத்தியாரே. வயித்தக் கழுவியிருந்தா இது வாந்தியா மேல வந்து நுரையீரலுக்குள்ள ஏறியிருக்கும். அப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்ல.”

சில நாள் காய்ச்சலும் இருமலும் இருந்தன. செல்வி பிழைத்தாள்.

ஏழுமலை என்னை அடித்திருந்தால் ஆறியிருப்பேன். “நீங்க சொன்னீங்கன்னு அவள ஏசிட்டேனே சார்” என்று மட்டும் சொன்னார்.

ஆய்வுக்கூடம் என்னை வர வேண்டாம் என்றது. அடுத்த கோடையில் வேறோர் ஆசிரியர் பிள்ளைகளை அழைத்துப்போனார். செல்வியும் போனாள்.

ஜெபித்தும் மனம் அடங்கவில்லையா, பிரியமானவர்களே? கர்த்தர் கேட்கவில்லை என்று எண்ணாதீர்கள். உங்களுக்கென்று அதில் எதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் என் பெயரைக் காப்பாற்றவில்லை, பிள்ளையைக் காப்பாற்றினார். அதற்காகவே அவருக்கு ஸ்தோத்திரம்.