இளசு மட்டுமே விற்ற கறிக்கடைக்காரர்

கறிக்கடைக்காரருக்குச் சாமியைவிடக் கடையின் பெயர்தான் பெரிது. "எங்கிட்ட எல்லாமே இளசு" என்பது அவர் வாயில் ஊறிப்போன பேச்சு. கிழட்டு ஆடு ஒன்று கடைப் பக்கம் வந்து நின்றாலே, யாரோ தன்னை வைதுவிட்ட மாதிரி அவர் முகம் கறுத்துவிடும்.

அவருடைய தங்கை மகள் ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். வாராவாரம் ஒரு இளம் ஆட்டு மூளையும் ஒரு கிழட்டு ஆட்டு மூளையும் வேண்டும் என்று கேட்டாள்.

"கிழட்டு மூளை எதுக்கு பாப்பா? வறுத்தாக்கூட வாயில வைக்க முடியாதே."

"திங்கறதுக்கில்ல மாமா. நரம்பு செல்லுக்கு மேல தோல் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல கேங்லியோசைடுன்னு ஒரு கொழுப்பு நிக்குது. காலை உள்ள ஊனிக்கிட்டு, சர்க்கரையால ஆன தலையை வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். சேதி வந்தா செல்லு அதை வாங்கிக்கறதுக்கு ஒத்தாசை பண்ணும். வயசாக ஆக மூளையில அது குறையுது. எந்த வகை, எவ்வளவு குறையுதுன்னு பாக்கறோம்."

"கொழுப்பும் சர்க்கரையும் எனக்கு எக்கச்சக்கம்னு டாக்டர் திட்டறாரு. அப்ப நான் பெரிய அறிவாளிதான்."

"அது வேற மாமா. உங்களுக்கு இருக்கறது வாய்க்கொழுப்பு."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். ஆனால் கை வரவில்லை. கிழட்டு ஆட்டை வெட்ட வேண்டுமென்றால் அது கடை வாசலில் கட்டிக் கிடக்க வேண்டும், தெருவே பார்க்கும். மனுஷன் என்ன செய்தார்? இரண்டு டப்பாவிலும் இளசையே வைத்து, ஒன்றில் மட்டும் சிவப்பு நூலைக் கட்டி, கிழடு என்று அனுப்பிவிட்டார். தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. பித்தளை கேட்டவளுக்குத் தங்கம் கொடுத்தால் யாராவது சண்டைக்கு வருவார்களா?

சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் தங்கை மகள் கடைக்கு வந்து நின்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அந்தக் கொழுப்பைப் பிரிச்செடுத்தா, கண்ணாடித் தகட்டுல ஊதாக் கோடா வரும் மாமா. கிழடுக்கு மங்கலா வரணும். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி வருது. நான்தான் ரெண்டையும் கலந்துட்டேன்னு எங்க பேராசிரியை மேடம் சொல்றாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

வெட்டிக்கொண்டிருந்த கத்தி கட்டையிலேயே நின்றுவிட்டது.

"அழாத பாப்பா. அடுத்த வாரம் நிஜமாவே கிழடா பாத்துத் தர்றேன்."

"நிஜமாவேன்னா? அப்ப இத்தனை நாளா?"

கறிக்கடைக்காரர் தராசைத் துடைத்தார். துடைத்த தராசையே மறுபடியும் துடைத்தார்.

"மாமா."

"எல்லாமே இளசு."

"உங்க பெருமைக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா? நாளைக்கு நீங்களே வந்து மேடம்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மறுநாள் அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அந்த ஆராய்ச்சிக்கூடத்துக் கதவைத் தட்டினார். அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பேராசிரியை தலை நிமிரவில்லை.

"எங்களை எதுக்கு ஏமாத்தினீங்க?"

"ஏமாத்தல மேடம். நீங்க மட்டமானதைக் கேட்டீங்க, நான் நல்லதாக் குடுத்தேன். கிழடை விக்க மனசு வரல."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தலை முழுக்க வெள்ளை.

"கிழடுன்னா மட்டமா?"

"ஆட்டைச் சொன்னேன் மேடம்," என்றார் அவர் அவசரமாக.

பின்னால் நின்ற தங்கை மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியை அவளைப் பார்த்து, "உன் கையில தப்பில்ல. எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பி," என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "இனிமே மூளை மட்டும் வேணாம். தலையோட வரணும். பல்லைப் பாத்து வயசு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்குவோம்," என்றாள்.

அந்த வாரமே பல் தேய்ந்த கிழட்டு ஆடு ஒன்றைப் பட்டப்பகலில் தெரு வழியாக இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணே, இதுவும் இளசா?" என்றார் எதிர்க்கடை தையல்காரர்.

"கிழடுதான்யா. கண்ணு தெரியலையா?"

தலை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது. கறியை ஒரு ஈ காக்கைகூட வாங்கவில்லை. முழுசும் வீட்டுக்கு வந்தது. மனைவி காலையில் அடுப்பில் ஏற்றியது, பொழுது சாயும்வரை வெந்தும் செருப்புத் தோலாகவே இருந்தது.

"பாப்பா போன் பண்ணினா. கோடு மங்கலா வந்துதாம். சந்தோஷத்துல பேச முடியல அவளுக்கு," என்றாள் மனைவி. "சரி, இதை இன்னும் எத்தனை நாளைக்குத் திங்கணும்?"

"ஆராய்ச்சி முடியற வரைக்கும்."

"அது எப்ப முடியும்?"

"ரெண்டு வருஷமாம்," என்று சொல்லிவிட்டு, கறிக்கடைக்காரர் அடுத்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.