சிண்டுவுக்குத் துணை தேடிப் போனேன்

என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எங்கள் காக்கடீல் கிளி சிண்டு சரியாகத் தின்பதில்லை. இன்று நாமக்கல் பறவைக் கடைக்குப் போய் அதற்கு ஒரு துணை கேட்டேன்.

"லவ் பேர்ட்ஸ் வேண்டாங்க, உங்க கிளியோட கால் விரலைக் கடிச்சுப்போடும். காக்கடீலே எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர். ஒன்றைப் பிடித்துப் பெட்டியில் விட்டார்.

"ஜோடி சேந்துட்டா நம்மகிட்டக் கத்துக்கிட்ட விசிலெல்லாம் மறந்துருமுங்க. தொந்தரவே இருக்காது."

தெருவில் லாரி பிரேக் சத்தம் கேட்டால் சிண்டு விசிலடிக்கும். லாரியிலிருந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று அடிக்கிற அதே விசில்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போதும் எங்கள் தெருவில் ஒரு லாரி நின்றது. சிண்டு விசிலடித்துவிட்டுக் கதவையே பார்க்கிறது. நானும்தான்.

இனி அதற்குத் துணை நான்தான். எனக்கு விசிலடிக்க வராது, யாராவது சொல்லிக்கொடுங்களேன்.