சலவைக்கூடத்து அக்காவின் ஜெபம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. எல்லோருக்கும் அவள் 'சலவைக்கா'. இயந்திர இரைச்சலில் கத்திப் பேசியே பழகியதால் வீட்டில் ஜெபிக்கும்போதும் குரல் இறங்காது. "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்" என்று பஸ் ஓட்டுநரான கணவர் கிண்டல் செய்வார்.

ஒரே மகன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அன்று அந்தக் கிண்டல் நின்றது. தலையில் அடி. அதே ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் கண் திறக்காமல் பதினோரு மாதம் கிடந்தான். இடைவேளைகளில் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறுவாள். நகம் வெட்டிவிடுவாள், காதோரம் ஜெபிப்பாள். அவன் எழுந்து நடப்பான் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. புதுச் செருப்புகூட வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவன் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த வாரம் சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: "விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்கும்க்கா. இல்லேன்னா ஆண்டவர் கைவிட்டிருப்பாரா?"

கணவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அன்றோடு அவர் சர்ச்சுக்கு முழுக்குப் போட்டார்.

அக்காவும் ஏழு வாரம் போகவில்லை. ஆனால் சமையலறையில் ஜெபம் மட்டும் ஓயவில்லை. அதை ஜெபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "புள்ளையத்தானே கேட்டேன்? வேற என்னத்தக் கேட்டேன் உம்மகிட்ட?" என்று பாத்திரங்களை உருட்டியபடி சண்டை.

ஒருநாள் கணவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார். "யார்கிட்ட பேசிட்டிருக்க? அங்க யாரும் இல்ல."

"ஆள் இல்லாத வீட்டு முன்னாடி நின்னு யாராவது சண்ட போடுவாங்களா?" என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மகன் பிழைப்பான் என்ற நம்பிக்கை மண்ணோடு போய்விட்டது. கேட்கிறவர் இருக்கிறார் என்பது மட்டும் அசையாமல் நின்றது. அதில் ஆறுதல் இல்லை, வலிதான் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "இனிமே கேக்க ஒண்ணுமில்ல. உம்மத்தான் தேடுறேன்" என்றாள்.

அந்த ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் போதகர் தயங்கித் தயங்கி வந்து, ஆண்டவர் செய்ததைச் சபை முன் சாட்சியாகச் சொல்கிறாளா என்று கேட்டார்.

"ஆண்டவர் நான் கேட்டதச் செய்யலீங்க ஐயா. ஆனாலும் வந்திருக்கேன். அதச் சொல்லணும்னா சொல்றேன்."

போதகர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கணவர் கடைசிவரை மனம் மாறவில்லை. ஆறு வருடம் கழித்து அவரைப் பெட்டியில் வைத்துத்தான் சர்ச்சுக்குள் கொண்டுபோனார்கள். அவர் நம்பாமலே போய்விட்டாரே என்ற பயம் அக்காவை விடவில்லை. குழி மூடும்வரை நின்றாள். இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போனாள்.