உக்கார நிழல், ஒதுங்க எடம்

நீங்கள் எழுதியதன் மேல் ஆட்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மரக்காணம் உப்பளத்தில்.

என் மச்சினி அமலா அதை ஒட்டிய ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நின்றாள். பள்ளி லீவில் உப்புக் கூடை சுமந்து வளர்ந்தவள். வெட்டவெளியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கொட்டகை, ஒரு கழிப்பறை... அதற்காகத்தான் நிற்கிறேன் என்றாள். கூடவே வடிகால், தெருவிளக்கு, மழைக்காலத்துக்கு மாற்று வேலை என்று எல்லாவற்றையும் சேர்த்து எட்டுப் பக்க நோட்டீஸ் எழுதிக்கொடுத்தேன். எதை எந்தத் துறையிடம் எப்படி வாங்குவது என்பதுவரை இருந்தது. அச்சாகி வந்ததும் நானே மறுபடி படித்து ரசித்தேன்.

எதிரில் நின்றவரிடம் ஒரு ஆட்டோ, ஒரு மைக். 'மறுபடியும் நம்ம அண்ணன்!' – அவ்வளவுதான். மறுபடியும் வந்து அண்ணன் என்ன செய்வார்? யாரும் கேட்கவில்லை. கூடை சுமக்கும் பெண்கள் நடைக்குத் தோதாக அதையே சொல்லிக்கொண்டு போனார்கள்.

எங்கள் நோட்டீஸ்? ஈர வரப்பில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"கோச்சுக்காதீங்கண்ணே, பேப்பர் நல்லா திக்கா இருக்குது" என்றார் ஒரு அம்மா.

"தோத்துடுவேன் போல இருக்குது மாமா. கொட்டாய் போச்சு" என்றாள் அமலா. கண் கலங்கியிருந்தது.

உப்பு அள்ளும்போது யாரும் நின்று கேட்க முடியாது. பாத்தியிலிருந்து குவியல்வரை ஒற்றை வரப்பில் வரிசையாக நடக்க வேண்டும். ஒருத்தி நின்றால், பின்னால் வருகிற அத்தனை பேரும் தலைச்சுமையோடு நிற்க வேண்டும். சரி, நானும் கூடவே நடக்கிறேன் என்று அமலா ஒரு கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நடந்தபடியே நோட்டீஸை விளக்க ஆரம்பித்தாள். பழக்கம் விட்டுப்போன உடம்பு. முதல் பக்கம் முடிவதற்குள் மேல்மூச்சு வாங்கியது.

பின்னால் வந்த ராணி அக்கா அதட்டினார். "ஏம்மா, இழுக்காத! என்னா செய்வ, அத சொல்லு!"

"உக்கார நிழல்..." மூச்சு. "ஒதுங்க எடம்..."

அதற்குமேல் வரவில்லை.

ராணி அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர், பிறகு அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி... ஒரு காலுக்கு நிழல், மறு காலுக்கு எடம். சாயங்காலம் உப்பு லாரி டிரைவர் சொல்கிறார். இந்தத் தேர்தலில் ஓட்டே இல்லாத பக்கத்து ஊரான பிரம்மதேசத்து டீக்கடையில் சொல்கிறார்கள்! எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைச் செய்ய என் எட்டுப் பக்கத்தால் முடியுமா? சுமையோடு நடப்பவளின் மூச்சில் எது அடங்குகிறதோ, அதுதான் ஊர் சுற்றுகிறது. நான் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு எழுதியிருந்தேன். ஓட்டுப் போடுகிறவர்களோ நடந்துகொண்டிருந்தார்கள்.

அமலா ஜெயித்தாள்.

போன வாரம் போயிருந்தேன். இப்போது அவளைப் பார்த்தால் யாரும் வணக்கம் சொல்வதில்லை. "உக்கார நிழல் என்னாச்சும்மா?" "ஒதுங்க எடம் எங்கம்மா?" தப்பிக்கவே முடியாது. கொட்டகைக்குக் கால் நட்டாகிவிட்டது. கழிப்பறைக்குச் சுவர் எழும்புகிறது. நாலு வார்த்தை ஒரு தலைவரை இப்படி ஓட ஓட வேலை வாங்குமா என்று அசந்துபோனேன்.

"வடிகால்?" என்று கேட்டேன். நோட்டீஸில் மூன்றாம் பக்கம்.

அமலா சிரித்தாள். "அத யாரும் கேக்கலியே மாமா."

வடிகாலுக்கும் யாராவது நாலு வார்த்தை தாருங்களேன்... மழை வருவதற்குள்!