அப்பாவைப் பார்க்க வந்தவர்களுக்கு

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலரை, மகளாகிய நான் எங்கள் வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் அப்பாவின் பெருமையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார்கள் அப்பா. கடைக்கு வருவோருக்கு மனு எழுதிக் கொடுத்துத்தான் அப்பாவின் பொதுவாழ்வு தொடங்கியது. பலமுறை சட்டமன்ற உறுப்பினர், இருமுறை அமைச்சர்; தோற்றதும் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் விடிந்ததும் வெள்ளை வேட்டியோடு முன்னறையில் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டுக்குப் பூட்டே போட விடமாட்டார்கள். "பூட்டின வீட்டுக்கு எவன் மனு கொண்டு வருவான்?" என்பார்கள். அம்மாவுக்குத்தான் எரிச்சல். "ஊரு முழுக்க ரோடு போட்டாச்சு, நம்ம நடையில தண்ணி கெட்டிக் கிடக்கு!" அதற்கு அப்பா சிரிக்கும் சிரிப்பை இனி எங்கே கேட்பேன்?

ஆழிப்பேரலை வந்த அன்று கடற்கரைக்குப் போன அப்பா பல நாள் வீடு திரும்பவில்லை. அங்கே மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவுக்குக் கூடவே நின்று அடக்கத்தை முடித்துக் கொடுத்தார்கள். அன்றுமுதல் அந்த அம்மா எங்களுக்கு உறவு.

பதவியெல்லாம் போய் வெகுகாலத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஆட்களை அண்டவிட வேண்டாம் என்றார் மருத்துவர். நான் பூட்டு வாங்கி வந்து கேட்டில் போட்டேன். ஆட்கள் வந்ததைச் சொன்னால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்களே என்று பயம். என்னை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்; பின்னறையில் படுத்தபடி தினமும் கேட்பார்கள்.

"யாரும் வந்தாவளா மக்களே?"

"யாரும் வரல்லப்பா."

ஒருநாள் அந்தக் கடற்கரை அம்மா வந்தார். "ஐயாவை ஒருக்கா பாத்துட்டுப் போயிருதேன் மக்களே" என்றார். அப்பா உறங்குவதாகச் சொன்னேன். கொண்டுவந்த விளமீனைக் கம்பி வழியாகத் தந்துவிட்டுப் போனார்.

மதியம் குழம்பைச் சுவைத்த அப்பா, "மீனு யாரு கொண்டு வந்தது?" என்று ஆசையாகக் கேட்டார்கள்.

"சந்தையில வாங்கினதுப்பா."

தட்டைத் தள்ளி வைத்தார்கள். பிறகு, "பதவி போனா அவ்வளவுதான். ஜனங்களைக் குத்தம் சொல்லாத மக்களே" என்றார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே அப்பா போய்விட்டார்கள்.

இறுதி அஞ்சலி நாளில் நீங்கள் தெருமுனை தாண்டி வரிசையில் நின்றீர்கள். அந்த அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூட்டிய கேட்டில் நின்று திரும்பிப் போனவர்களிடம் மன்னிப்புத்தான் கேட்க முடியும். அப்பாவிடம் அதையும் கேட்க முடியாது.

அப்பா, எல்லாரும் வந்தாவ. நாந்தான் உள்ள விடல்ல.