ஓரம் வெட்டாத படங்கள்

மெர்சி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வந்தது. அவர் மகள் ஜெனி வைத்திருந்த ஸ்டேட்டஸை யாரோ படமெடுத்து எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். "அம்மா எங்கள விட்டுட்டுப் போயிட்டாங்க." அதற்கு மேலே, தீரப்போகும் பேட்டரியின் சிவப்புக் கோடும் சேர்ந்தே விழுந்திருந்தது. வெகுநேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின மாலைதான் "போயிட்டு வரேன் பவி" என்று வண்டியை எடுத்தவர். நெஞ்சுவலி, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

சில நாள் கழித்து ஜெனி ஆபீசுக்கு வந்தாள். சர்ச்சில் முப்பதாம் நாள் பூசைக்கு வைக்க ஒரு படம் வேண்டும். கையில் இருந்தது ஆதார் அட்டையின் படம் மட்டும்.

"இதுல யாரோ திட்டுனாப்ல இருக்குறாங்கக்கா. எங்கம்மாவே இல்ல இது. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதா?"

என்னிடமும் இல்லை. அக்காவைத் தெரிந்த உங்களில் யாரிடமும் இருக்காது. ஆயுத பூஜைக்குக் குழுவாகப் படம் எடுத்தால் அக்கா எல்லோருக்கும் பின்னால் போய்விடுவார். "என்ன வுடுங்கடி, மூஞ்சி பூரா மண்ணு" என்பார். வெள்ளை மண் எங்கள் எல்லார் மேலும்தான் படிந்திருக்கும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குள் வந்துபோகிறவர்களுக்கு அது இன்னொரு பவுடர்.

ஆனால் மற்றதையெல்லாம் படமெடுத்து வைத்தவர் அவர். பொம்மை செய்யும் எங்கள் கம்பெனியில், வெளியூர் வியாபாரிகளைக் கம்ப்யூட்டரில் வீடியோ காலில் கூப்பிட்டுப் பொம்மையைக் காட்டுவது அவர் வேலை. கேமராவுக்கு நேரே பொம்மையைப் பிடிப்பார். அவர்கள் தலையாட்டியதும் விண்டோஸ் பட்டனையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் சேர்த்து அமுக்குவார். திரை ஒரு கணம் மங்கித் தெளியும். "கண்ணு சிமிட்டிடுச்சு. இனிமே மறக்காது" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கும் வழியை அவருக்குக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், மறுபடி முழுத்திரையையே எடுத்தார். கீழே மணி, மூலையில் வெயிலின் அளவு, திறந்து மறந்த ஃபைல்கள், எல்லாம் சேர்ந்தே வந்தன.

"ஓரத்த வெட்டாதடி பவி. இப்ப எது வேணும்னுதான் நமக்குத் தெரியும். நாளைக்கி எது வேணும்னு யாரு கண்டா?"

ஒருமுறை அந்தப் படமே அவரை மாட்டிவிட்டது. சேலத்து வியாபாரி ஒருவருக்கு, பளபளப்புக்கான கிளேஸ் பூசி இன்னும் சூளைக்குப் போகாத யானையைக் காட்டிவிட்டார். எங்கள் நீலக் கிளேஸ் வேகும்வரை வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். இங்கே வேலை செய்கிறவர்களின் கண் அந்த ரோஜாவைப் பார்ப்பதே இல்லை. வெந்தபின் வரப்போகும் நீலத்தைத்தான் பார்க்கும். வியாபாரி "இதே கலர்ல போட்டுடுங்க" என்றார், அக்காவும் சரியென்றார். சரக்கு போனதும் போன் வந்தது.

"என்னம்மா, ரோஸ் யானையக் காட்டிட்டு நீல யானைய அனுப்பியிருக்கீங்க?"

"நீலந்தான சார் காட்டுனேன். படம் இருக்குது, இருங்க."

திறந்தார். திரையின் மூலையில், நம் பக்கத்துக் காட்சி தெரியும் சின்னக் கட்டத்தில், ரோஜா நிறத்தில் ஒரு யானை நின்றிருந்தது. அக்காதான் முதலில் சிரித்தார்.

"ஐயையோ சார், எங்க கண்ணு சூளைக்குப் போயிட்டு வந்த கண்ணு. அதுக்கு இது நீலந்தான்!"

"அப்ப என்னையும் ஒரு தடவ உள்ள வெச்சு எடுத்துடுங்கம்மா, எனக்கும் தெரியட்டும்" என்றார் அவர். யானைகளை வைத்துக்கொண்டார். அதன்பின் அக்கா வேகாத பொம்மையோடு வெந்த பொம்மையையும் சேர்த்தே காட்டினார்.

ஜெனி வந்த அன்று எனக்கு அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. அக்காவின் ஃபோல்டரைத் திறந்தோம். வியாபாரிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒவ்வொரு மூலையிலும் கிளி, மயில், குதிரை. முகம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பொம்மை. கனவில் ஒருவரைப் பின்தொடர்ந்து போகும்போது அவர் திரும்பாமலே நடப்பதுபோல் இருந்தது.

பிறகு ஒரு மதிய வேளைப் படம் வந்தது. குவைத்தில் இருக்கும் அக்காவின் கணவர் இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருக்கும் நேரம் அது. கைபேசி ஜெனியோடு கல்லூரிக்குப் போய்விடுவதால், அக்கா ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் அவரோடு பேசுவார். நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். ஜன்னல் வழியே அவர் குரல் மட்டும் வரும். "சிரியேன்யா, ஒரே ஒரு தடவ. பல்லு வெலைக்கா போயிடும்?"

நான் எழுந்துகொண்டேன். "நீயே பாரு ஜெனி. நான் வெளிய இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். திரை நிறைய அவள் அப்பா, களைத்த கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில், தபால்தலை அளவில், மெர்சி அக்கா. கேமராவைப் பார்க்காத முகம். கணவரின் சிரிப்பைப் பிடித்துவிட வேண்டும் என்று குனிந்து, பட்டனை அமுக்கியபடியே தானும் சிரித்துவிட்ட முகம். நெற்றியில் வெள்ளை மண்.

"இதாங்க்கா எங்கம்மா" என்றாள்.

ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் புள்ளிபுள்ளியாகக் கரைந்தது. "ஓரத்த வெட்டிட்டு ஏதாச்சும் சரி பண்ணிப் பாக்கட்டுமாம்மா?"

ஜெனி யோசிக்கவே இல்லை. "வேணாண்ணா. முழுசாவே போட்டுக் குடுங்க."

பூசைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பீடத்தருகே அந்தப் படம், மணியும் வெயிலும் ஃபைல்களும் எதுவும் போகாமல் இருந்தது. குவைத்திலிருந்து வந்திருந்த அக்காவின் கணவர், தன் சிரிப்புக்குப் பக்கத்திலேயே அழுதபடி நின்றிருந்தார். ஒவ்வொருவரும் கிட்டே வந்து, குனிந்து, மூலையில் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்தார்கள்.

இப்போது வியாபாரிகளோடு நான்தான் பேசுகிறேன். என்னைப் படமெடுத்தால் எனக்கும் பிடிக்காது. ஆனாலும் அந்த இரண்டு பட்டன்களை அமுக்கும் முன், கையிலுள்ள பொம்மையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். திரை மங்கித் தெளிகிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்: ஓரத்தில் நானும் இருந்துகொள்கிறேன்.